மந்த மகுடமும் ஒண்ணரைக் கட்டை கிட்டாரும்

போன பங்குனியில கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்பாசமுத்திரத்துக்கு மேக்க, வயக்காட்டுக்கு நடுவுல எங்க சுடலமாடன் கோயில். மதியக்கொடை முடிஞ்சு எல்லாரும் சாப்ட்டுட்டு அங்கன இங்கன சாஞ்சு கிடக்காங்க, சாமக்கொடைக்கு இன்னும் நேரம் நெறைய கிடக்கு, கோயிலுக்குப் பின்னால கணியான் கூத்துக்காரங்க காஞ்ச ஓலையக் கொளுத்தி அந்தத் தீயில மகுடத்தத் திருப்பித் திருப்பிக் காட்டி தோல முறுக்கேத்திக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சம் காய்ச்சுவாரு, விரலால ஒரு தட்டு, காதக் கிட்ட கொண்டுபோயி கேப்பாரு, திரும்பக் காய்ச்சுவாரு. கணியான் கூத்துல மகுடம் ரெண்டு, ஒண்ணு உச்சம் இன்னொண்ணு மந்தம். மந்தம் அடிக்கிற அண்ணாச்சி எனக்குச் சின்ன வயசுலேந்து பழக்கம். உச்சம் அடிக்க வந்த பையன் இந்த வருசம் புதுசு.

அண்ணாச்சி என் கழுத்துல கிடந்த ஹெட்போனப் பாத்துட்டு "என்ன தம்பி, எப்பப் பாத்தாலும் மாட்டிக்கிட்டே திரியிதீய, அதுல என்னதான் ஓடுது"ன்னு கேட்டாரு. நான் அவரு காதுல மாட்டிவிட்டு ப்ளாக் சாபத்துங்கிற இங்கிலாந்து மெட்டல் பேண்டோட 'இன்ட்டு த வாய்டு' போட்டேன், 1971ல வந்த பாட்டு. கண்ண மூடிக்கிட்டாரு. முதல்ல ஒண்ணும் சொல்லல, பொறவு வலது கை விரலு தானா மகுடத்து விளிம்புல தட்ட ஆரம்பிச்சுது, ரெண்டு நிமிசம் கழிச்சு ஹெட்போனக் கழட்டாமலே சத்தமா சொன்னாரு, "சுருதிய நல்லா இறக்கிருக்கான்லா. மந்தம் பேசுது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத எழுதுதேன். பதினெட்டு வருசமா மெட்டல் கேக்கேன், இது பேய்ப் பாட்டு, வெள்ளக்காரன் கத்துறான், தலைவலின்னு வீட்டுலயும் வெளியிலயும் கேட்டுக் கேட்டுப் பழகிட்டு. ஆனா இங்கிலீசு ஒரு வார்த்த தெரியாத ஒரு மனுசன் ரெண்டே நிமிசத்துல அந்தப் பாட்டோட எலும்பத் தொட்டுட்டாரு. நம்ம ஊர்ல கொடை பாத்து, உறுமி கேட்டு, கல்யாண வீட்டுல நாதஸ்வரத்துக்குக் கிட்ட உக்காந்து வளந்த யாருக்கும் மெட்டல் கேக்கக் காது ஏற்கனவே இருக்குங்கது என் நம்பிக்கை. எந்தக் கதவு வழியா உள்ள போகணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான். எல்லாரும் ஒரே பத்து பெரிய பேண்டத்தான் காட்டுதாங்க. எனக்குத் தெரிஞ்ச வேற கதவுகள இங்க சொல்லுதேன், அதுக்கு முன்னால இது எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பேசணும்.

இங்கிலாந்துல பர்மிங்காம்னு ஒரு ஊரு, அதுல ஆஸ்டன்னு ஒரு பகுதி. ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்து இடிஞ்ச ஊரு, சுத்தி பூரா ஃபேக்டரி, உலை, இரும்பு. பின்னால ப்ளாக் சாபத்துல கிட்டார் வாசிச்ச டோனி அயோமி, அப்ப சின்னப் பையன், அங்க தகரம் அழுத்துற ஃபேக்டரியில வேல பாத்தான், இடது கை கிட்டார்க்காரன். 1965, அவனுக்கு 17 வயசு, ஒரு பேண்டோட ஜெர்மனிக்கு வாசிக்கப் போகணும், அன்னைக்குத்தான் ஃபேக்டரியில கடைசி நாளு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவனுக்குத் திரும்பப் போக மனசில்ல, அவங்க அம்மாதான் போயி முறையா முடிச்சுக் குடுத்துட்டு வான்னு அனுப்பி வச்சாங்க. அன்னைக்கு மெஷின்ல நிக்கிற ஆளு வரல, இவனப் போட்டாங்க. மெஷின் எறங்கிச்சு, வலது கையில நடுவிரலு மோதிரவிரலு ரெண்டோட நுனியும் போச்சு. இடது கைக்காரனுக்கு வலது கையிலதான் கம்பிய அழுத்தணும்.

இத முதல்தடவ படிச்சப்ப எங்க தாத்தா கைதான் ஞாபகம் வந்துச்சு. தாத்தா ஒரு பஞ்சு மில்லுல இருந்தாவ, இடது ஆள்காட்டி விரல்ல முதல் கணுவுக்கு மேல ஒண்ணும் கிடையாது. அந்த மொட்டைய வச்சே நூலு முடிச்சு போடுவாவ, வெத்தலயில சுண்ணாம்பு தடவுவாவ, அந்த இடத்துத் தோலு வழவழன்னு மினுங்கும். ஒரு நாளும் அதப் பத்தி வருத்தமா பேசினது கிடையாது, ஆனா மில்லு சங்கு ஊதுற நேரத்துக்கு அந்த விரல மத்த கையால பொத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாவ. நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

அயோமி கிட்டார விட்டுரலாம்னுதான் இருந்திருக்காரு. ஃபேக்டரி மேனேஜர் ஒருத்தர் ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்டக் கொண்டுவந்து போட்டுக் காட்டிருக்காரு, தீ விபத்துல ரெண்டு விரலு செயலத்துப் போயும் ஐரோப்பாவையே ஆட்டுன ஜாஸ் கிட்டார்க்காரரு அவரு. அதக் கேட்ட பொறவு அயோமி வீட்டுல பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டில உருக்கி விரலுக்குக் குப்பி செஞ்சாரு, மேல தோலு ஒட்டினாரு. சாதாரணக் கம்பி அழுத்துனா வலி, அதனால பேஞ்சோ வாத்தியத்தோட மெல்லிசுக் கம்பிய வாங்கி மாட்டினாரு. அதுக்கும் மேல வலிச்சப்ப கம்பியத் தளத்தினாரு. 1971ல வந்த சாபத்தோட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல கிட்டார் மூணு ஸ்வரஸ்தானம் கீழ எறங்கிட்டு. நம்ம கணக்குல சொன்னா மூணு கட்டையில இருந்தது ஒண்ணரைக் கட்டைக்கு வந்துட்டு. இன்னைக்கு உலகம் பூரா மெட்டல் பேண்டுங்க சுருதி எறக்கி வாசிக்காங்கன்னா அதுக்கு ஆரம்பம் ஒரு தொழிலாளிப் பையனோட வெட்டுப்பட்ட விரலுதான்.

சுருதி எறக்குனா பாரம் கூடும்ங்கது நமக்குப் புதுசா என்ன? திமிரி நாதஸ்வரம் கொடிகட்டிப் பறந்த காலத்துல டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதவிட நீளமான, கீழ்ச்சுருதி பேசுற பாரி நாயனத்தக் கையில எடுத்தாரு, மத்தவங்களும் பின்னாலயே வந்தாங்க. அவரு சிஷ்யருதான் நம்ம சேரன்மாதேவிப் பக்கத்து காருகுறிச்சி அருணாசலம். எங்க பக்கம் கல்யாண வீட்டுல அவரு ரெக்கார்டு ஓடுறப்ப அந்தக் கீழ் ஷட்ஜம் பந்தக்காலோட சேந்து நெஞ்சுக்குள்ள இறங்கும். அண்ணாச்சி சொன்ன "மந்தம் பேசுது" அதேதான்.

சரி, அயோமிக்கு முன்னால ஒண்ணும் இல்லையான்னா இருந்துச்சு. அந்தக் கரகரப்பு, டிஸ்டார்ஷன்னு சொல்லுதோமே, அது ஆம்ப், அதான் கிட்டார் சத்தத்தப் பெருக்குற பெட்டி, தாங்குற அளவுக்கு மேல சத்தத்த உள்ள தள்ளும்போது அலையோட தலையும் காலும் வெட்டுப்பட்டு வருது, அப்பிடி வெட்டுப்படும்போது மூல ஸ்வரத்துக்கு மேல புதுசு புதுசா உபஸ்வரங்கள் முளைக்கும், அதான் ஒரு கம்பிய மீட்டுனா ஒரு கூட்டமே பேசுற மாதிரி கேக்குது. 1958ல அமெரிக்காவுல லிங்க் ரே ஆம்ப் ஸ்பீக்கரப் பென்சிலால குத்தி ஓட்ட போட்டு 'ரம்பிள்'னு ஒரு பாட்டு வாசிச்சாரு, ஒரு வார்த்த கூட கிடையாது, அதையும் சில ரேடியோக்காரங்க தடை பண்ணினாங்க. 1964ல லண்டன்ல கிங்க்ஸ் பேண்டு டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்த பிளேடால கீறிவிட்டாரு. 1968ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ப்ளூ சியர் சத்தத்த எந்த அளவுக்கு ஏத்தலாம்னு பாத்தாங்க. இதுக்கெல்லாம் அடியில கறுப்பின மக்களோட ப்ளூஸ் கிடக்கு, அத மறந்துட்டுப் பேசவே முடியாது, சாபத் பசங்களும் ப்ளூஸ் பேண்டாத்தான் 1968ல ஆரம்பிச்சாங்க.

உறுமி தெரியும்ல, ஒரு பக்கத் தோல்ல வளைஞ்ச குச்சிய அழுத்தி இழுக்கும்போது "ம்ம்ர்ர்ர்"னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அடி கிடையாது, உரசல், அடிவயித்துல ஏதோ புரளுற மாதிரி இருக்கும். நையாண்டி மேளத்துல அத ஒருத்தர் தனியா இழுத்தாலே சாமியாடுறவருக்குத் தோள்பட்ட துடிக்கும். எனக்கு டிஸ்டார்ஷன்னா அதுதான். பவர் கார்டுன்னு சொல்லுததும் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, அது ச-ப-ச. டிஸ்டார்ஷன்ல காந்தாரத்தச் சேத்து வாசிச்சா கலங்கிப்போவும், அதனால அத எடுத்துட்டு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசிக்காங்க. தம்பூராவும் சுருதிப்பெட்டியும் வச்சிருக்கிறது அதே ரெண்டு ஸ்வரத்தத்தான்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழம, சாபத்தோட முதல் ஆல்பம் வந்துச்சு. ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணினது. முதல் பாட்டுல மழ பெய்யுது, தூரத்துல மணி அடிக்குது, அப்புறம் மூணே மூணு ஸ்வரம்: கீழ் ச, மேல் ச, பிரதிமத்திமம் (ரெண்டு மத்திமத்துல உசந்தது). அந்த பிரதிமத்திமத்துல நின்னு நடுங்குது. பேஸ் கிட்டார் வாசிக்கிற கீஸர் பட்லருக்கு ஹோல்ஸ்ட்ங்கிற இங்கிலீசு இசையமைப்பாளர் எழுதின கோள்கள் தொகுப்புல செவ்வாய்க் கிரகத்துக்கான இசை ரொம்பப் பிடிக்கும், அதிலேருந்து மொளச்சதுதான் இது. ஐரோப்பாவுல இந்த இடைவெளிக்கு சாத்தான் ஸ்வரம்னு ஒரு பேரு உண்டு, நடுக்காலத்துல சர்ச் அதத் தடை பண்ணி வச்சிருந்துச்சுன்னு ஒரு கதையும் சொல்லுவாங்க, அந்தத் தடைக்கு ஆதாரம் கிடையாது.

நம்ம பக்கம் அந்த பிரதிமத்திமம் எங்க இருக்குன்னு பாருங்க. கல்யாணியில இருக்கு. 72 மேளகர்த்தாவுல பாதி, 36 ராகம், அந்த மத்திமத்த வச்சு நிக்கி. அங்க சாத்தான், இங்க மங்களம்! ஒரே ஸ்வரந்தான், அத எங்க கொண்டுபோயி விடுதோம்ங்கதுலதான் எல்லாமே. கல்யாணியில அது பஞ்சமத்த நோக்கிச் சாயும், தாயி மடி மாதிரி பஞ்சமம் வாங்கிக்கிடும். சாபத் அத பஞ்சமத்துக்குப் போகவிடாம நடுத்தெருவுல நிறுத்தி வச்சுட்டாங்க, பயம் அங்கேருந்துதான் வருது. இதே மாதிரி, மெட்டல்காரங்க ஆசையா வாசிக்கிற ஃப்ரிஜியன்ங்கிற ஸ்கேல் நம்ம தோடியோட ஸ்வரங்கதான், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம் எல்லாம் அப்பிடியே இருக்கும், கமகம் இல்லாத தோடி. ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்குல வாசிச்ச தோடியக் கேட்டு வளந்த ஊருக்கு இது எப்பிடி அந்நியமாவும்?

ஹெவி மெட்டல்ங்கிற பேரு இசைக்கு ஒட்டினது கொஞ்சம் கழிச்சுத்தான். ஸ்டெப்பன்வுல்ஃப் பாட்டுல 1968லயே அந்த ரெண்டு வார்த்த வருது, ஆனா அது மோட்டார் பைக்கப் பத்தி. 1971ல கிரீம்ங்கிற அமெரிக்கப் பத்திரிகையில விமர்சனம் எழுதினப்ப மைக் சாண்டர்ஸ் இந்த இசைக்கே அந்தப் பேரப் போட்டாரு, அவரு விமர்சனம் பண்ணினது சாபத் கிடையாது, சர் லார்ட் பால்டிமோர்னு புரூக்ளின்ல இருந்து வந்த ஒரு பேண்டு, ஆல்பம் 'கிங்டம் கம்'. இன்னைக்கு அவங்கள யாருக்கும் தெரியல. ட்ரம்ஸ் வாசிக்கிறவரே பாடுவாரு, எங்க மூச்சு விடுதாருன்னு தெரியாது, கேளுங்க.

அதே காலத்துல வேல்ஸ்ல கார்டிஃப்ல பட்ஜின்னு மூணு பேரு இருந்தாங்க. சாபத்தோட முதல் மூணு ஆல்பத்தையும் தயாரிச்ச ராஜர் பெய்ன்தான் 1971ல இவங்க முதல் ஆல்பத்தையும் பண்ணினாரு. பாட்டு பாடுற பர்க் ஷெல்லி குரலு மெல்லிசு, அடியில ரிஃப்பு, அதான் திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி, பாறாங்கல்லு, அந்தப் பொருத்தமில்லாத பொருத்தந்தான் அழகு. பின்னால மெட்டாலிக்கா இவங்க பாட்டு ரெண்ட எடுத்துப் பாடினாங்க. ஜப்பான்ல ஃபிளவர் ட்ராவலின் பேண்டு, 1971, 'சடோரி', அஞ்சு பாகமா ஓடுற ஒரே பயணம் மாதிரி இருக்கும். இதுல கிட்டார் கீழைநாட்டு மெட்டுலதான் போவுது, ராகம் கேட்டுப் பழகுன காதுக்கு முதல்ல குடுக்க வேண்டியது இதுதான்னு நான் எல்லார்ட்டயும் சொல்லுவேன்.

பர்மிங்காம்காரங்கதான் ஜூடாஸ் ப்ரீஸ்டும், உலைப்பட்டறைகளுக்கு நடுவுல வளந்தவங்க, ப்ளூஸக் கழட்டி வச்சுட்டு ரெட்டை கிட்டார் போட்டு இத கூர் தீட்டினாங்க. 1979ல சவுண்ட்ஸ் பத்திரிக்க இங்கிலாந்துல புதுசா கிளம்புன பசங்களுக்கெல்லாம் சேத்து 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலோட புது அலை'ன்னு பேரு வச்சுச்சு. அயர்ன் மெய்டன் அதுலேருந்து வந்தவங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க டைமண்ட் ஹெட் கேளுங்க, 1980ல முதல் ஆல்பத்த ஒரு கம்பெனியும் எடுக்கலன்னு தாங்களே போட்டாங்க, வெத்து அட்டையில. அந்த பேண்டப் பாக்குறதுக்குன்னே அமெரிக்காவுலேருந்து ஒரு பதின்ம வயசுப் பையன் ப்ளைட் ஏறி வந்தான், அவன்தான் பின்னால மெட்டாலிக்கா ஆரம்பிச்ச லார்ஸ் உல்ரிக். நியூகாசில்ல சாட்டன்னு, அதான் சாத்தான்னு, ஒரு பேண்டு, பேரக் கேட்டு ஓடாதீங்க, 1983ல 'கோர்ட் இன் த ஆக்ட்'. ரெண்டு கிட்டாரும் ஓடிப்பிடிச்சு விளையாடும். பிரிஞ்சு போயி 2011ல அதே ஆளுக திரும்பச் சேந்து முன்னால விட்டதவிட நல்லா வாசிக்காங்க, இது அபூர்வம். பொம்பளப்பிள்ளைங்க மட்டுமே வாசிச்ச கேர்ள்ஸ்கூலும் இதே அலைதான், மோட்டர்ஹெட் பேண்டு கூட சமமா நின்னவங்க.

இங்கேருந்து மெட்டல் கிளை கிளையா பிரியுது. நான் வரிசப்படி சொல்லப்போறதில்ல, எது நம்ம காதுக்குக் கிட்டக்க இருக்கோ அத முதல்ல சொல்லுதேன்.

டூம். சாபத்தோட நிதானத்த மட்டும் எடுத்து இன்னும் மெதுவாக்குனது. சிகாகோவுல ட்ரபிள்னு ஒரு பேண்டு, 1984ல முதல் ஆல்பம், வரிகள்ல பைபிளு வருது, சங்கீதம் ஒன்பதுன்னு ஒரு பாட்டே இருக்கு. மெட்டல்னாலே கடவுளுக்கு எதிருன்னு நெனக்கிற பாளையங்கோட்ட சிநேகிதங்களுக்கு இதத்தான் குடுப்பேன். இங்கிலாந்துல வார்னிங்னு ஒரு பேண்டு, 2006ல 'வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்'. சாத்தானும் இல்ல மண்டையோடும் இல்ல, ஒரு மனுசன் விட்டுப்போன உறவ நெனச்சு உடைஞ்ச குரல்ல பாடுதான், அவ்வளவுதான், ஆனா கேட்டு முடிக்க நெஞ்சுல பலம் வேணும்.

டூமுக்கும் கீழ ஃபியூனரல் டூம்னு ஒண்ணு இருக்கு, சாவு வீட்டு வேகம். அதுல சியாட்டில் ஊர்க்காரங்க பெல் விட்ச். கிட்டாரே கிடையாது, பேஸும் ட்ரம்ஸும் மட்டும், ரெண்டே ஆளு. அவங்களோட பழைய ட்ரம்ஸ்காரரு 2016ல எறந்துபோனாரு. அதுக்கு அடுத்த வருசம் 'மிரர் ரீப்பர்'னு ஆல்பம் வந்துச்சு, ஒரே பாட்டு, 83 நிமிசம். பாட்டு நடுவுல எறந்தவரு குரலே வரும், அவரு உயிரோட இருந்தப்ப பதிஞ்சு வச்சது, அத எடுத்து உள்ள வச்சு அதச் சுத்திக் கட்டிருக்காங்க. எங்க ஆச்சி எறந்தப்ப ஒப்பாரி வைக்க வந்த அம்மா ஒரு வரி பாடிட்டு நிறுத்துவா, சுத்தி இருக்கவங்க மூச்சு எடுக்கிற சத்தம் கேக்கும், அப்புறம் அடுத்த வரி. அந்த நிறுத்தத்துக்குள்ளதான் அழுக பூரா இருக்கும். பெல் விட்ச் பேஸு ஒரு ஸ்வரத்த விட்டுட்டு அது தேஞ்சு மறையுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கிறதுல எனக்கு அதான் கேக்குது. ராத்திரி, விளக்க அணச்சுட்டு, நல்ல ஹெட்போன்ல கேக்கணும். போன் ஸ்பீக்கர்ல கீழ்ச்சுருதி பாதி வராது, பஸ்ல கேட்டா வீணாப்போவும்.

வில்லுப்பாட்டு பிடிக்கிறவங்களுக்கு மனில்லா ரோடு. அமெரிக்காவுல கான்சாஸ் மாகாணத்துல விச்சிட்டா ஊரு, 1977லேருந்து மார்க் ஷெல்டன்னு ஒரே மனுசன் கதை சொல்லிக்கிட்டே இருந்தாரு, ஆர்தர் ராஜா கத, வாளு, சாபம், மூழ்கிப்போன தேசம். மூக்கால பாடுவாரு, குரலு அழகுன்னு சொல்லமுடியாது, ஆனா வில்லடிக்கிற புலவர் குரல யாராவது இனிமையா இருக்கான்னு பாத்தா உக்காருதோம்? கத நம்மளக் கட்டிப்போடணும், பாடுறவருக்கு அந்தக் கதையில நம்பிக்க இருக்கணும். அவருக்கு இருந்துச்சு. 'கிரிஸ்டல் லாஜிக்' 1983ல வந்தது, அதுலேருந்து ஆரம்பிங்க. பெரிய காசு பாக்காமலே நாப்பது வருசம் வாசிச்சாரு, 2018 ஜூலையில ஜெர்மனியில ஒரு கச்சேரி முடிச்ச கையோட எறந்துபோனாரு.

த்ராஷ்னா வேகம். அதுல எனக்கு உசுரு வோய்வோட். கனடாவுல க்யூபெக் பக்கம் ஜோங்கியர்னு ஒரு ஊரு, அலுமினியம் உருக்குற ஆலைய நம்பி வாழுற ஊரு. அங்க வளந்த நாலு பசங்க 1982ல ஆரம்பிச்சாங்க. பர்மிங்காம்ல இரும்புன்னா இங்க அலுமினியம். ஆலை இரைச்சல் பாட்டுக்குள்ள அப்பிடியே இருக்கு, கிட்டார்க்காரரு பிக்கி மத்தவங்க தொடாத அபஸ்வரக் கூட்டமாப் பாத்து எடுப்பாரு, அது முதல்ல காத அறுக்கும், நாலாவது தடவ கேக்கும்போது அது இல்லாம மத்த பேண்டு சப்புன்னு ஆயிரும். ட்ரம்ஸ் வாசிக்கிற 'அவே'ங்கிறவருதான் எல்லா அட்டைப்படமும் வரைவாரு, அணுகுண்டு போட்ட பொறவு உள்ள உலகத்துல திரியுற ஒரு இயந்திரப் பிறவியோட கத ஆல்பம் ஆல்பமாப் போவும். 'கில்லிங் டெக்னாலஜி' 1987, 'டைமென்ஷன் ஹாட்ரோஸ்' 1988, இந்த ரெண்டையும் சேத்துக் கேளுங்க. பிக்கி 2005ல புற்றுநோயில போயிட்டாரு. வாசிச்சு வச்ச கிட்டாரெல்லாம் அவரு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. மத்தவங்க அதுக்கு மேல வாசிச்சு ரெண்டு ஆல்பம் முழுசா முடிச்சு வெளிய விட்டாங்க.

சுவிட்சர்லாந்துல கரோனர், மூணு பேரு, செல்டிக் ஃப்ராஸ்ட் பேண்டுக்குப் பெட்டி தூக்குன பசங்க, அவங்களவிட நுணுக்கமா வாசிச்சாங்க, 'நோ மோர் கலர்' 1989. ஜெர்மனியில ஹோலி மோசஸ், 1987ல 'ஃபினிஷ்ட் வித் த டாக்ஸ்', சபீனா கிளாசன்னு ஒரு பொண்ணு பாடுது, அந்தக் குரல மொத தடவ கேட்டப்ப நான் பொண்ணுன்னே நம்பல.

குரலுன்னதும் டெத் மெட்டலுக்கு வந்துருவோம். அந்த உறுமல் சும்மா கத்துறது கிடையாது. தொண்டையில நெசக் குரல்நாணுக்கு மேல இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, பொய்க் குரல்நாண்னு சொல்லுவாங்க, பேசும்போது அது சும்மா கிடக்கும், அத அதிர வச்சுத்தான் அந்தச் சத்தம் எடுக்காங்க. மொறையாப் பழகாம எடுத்தா தொண்ட கிழிஞ்சுரும். சாமக்கொடையில மாடன் வந்து எறங்குனதும் சாமியாடியோட குரலு மாறும் பாருங்க, பகல்ல நம்மகிட்ட "சாப்ட்டியா மக்கா"ன்னு கேட்ட அதே மனுசந்தான், அந்தக் குரலு வந்ததும் கூட்டம் ஒரு அடி பின்னால போவும். அதக் கேட்டு வளந்த நம்ம ஆளுக டெத் மெட்டல் குரலக் கேட்டு மூஞ்சியச் சுளிக்கிறது எனக்குப் புரியவே இல்ல.

ஃபின்லாந்துல டெமிலிச், ஒரே ஒரு ஆல்பம், 1993ல 'நெஸ்பித்தே'. குரலு பூமிக்கு அடியிலேருந்து வருது, அதுல எந்த எஃபெக்டும் போடலன்னு ஆல்பத்துலயே எழுதி வச்சிருக்காங்க. ரிஃப்பு பாம்பு மாதிரி வளஞ்சு வளஞ்சு போவும், தாளக்கட்டு பிடிக்கிறது கஷ்டம், கொன்னக்கோல் தெரிஞ்சவங்க விரல விட்டு எண்ணிப் பாருங்க, நல்லா இருக்கும். ஃப்ளோரிடாவுல ஏதீஸ்ட்னு ஒரு பேண்டு, 1991 'அன்க்வெஸ்ச்சனபிள் ப்ரெசன்ஸ்', டெத் மெட்டலுக்குள்ள ஜாஸக் கொண்டுவந்தவங்க. பேஸ் வாசிச்ச ராஜர் பேட்டர்சன் அந்த ஆல்பத்துப் பாட்டெல்லாம் சேந்து உருவாக்கிட்டு, ரெக்கார்டிங்குக்கு முன்னால வண்டி விபத்துல எறந்துட்டாரு, வேற ஒருத்தரு வந்து வாசிச்சுக் குடுத்தாரு.

பிளாக் மெட்டலப் பத்தி மறைக்காமப் பேசணும். பேரு நியூகாசில் வெனம் பேண்டோட 1982 ஆல்பத்துலேருந்து வந்தது. 90கள்ல நார்வேயில சில பசங்க சர்ச்சுகளக் கொளுத்தினாங்க, கொலையும் நடந்துச்சு. அது குத்தம், அதுக்கு நான் எந்த நியாயமும் சொல்ல மாட்டேன், கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ ஒண்ணக் கொளுத்துறது வீரம் கிடையாது. ஆனா பிளாக் மெட்டல்னா நார்வே மட்டும்னு நெனக்கிறதும் தப்பு. செக் நாட்டுல பிராக் ஊரு மாஸ்டர்ஸ் ஹேமர், 1991ல 'ரிச்சுவல்', பேண்டுக்குள்ள பெரிய டிம்பனி முரசு அடிக்கிறதுக்குன்னே தனியா ஒரு ஆள வச்சிருந்தாங்க, கொட்டு கேட்டு வளந்தவனுக்கு அது போதும். கிரீஸ்ல வராத்ரான், 1993, அங்க உள்ளவங்க குளிர்ல நடுங்குற மாதிரி வாசிக்க மாட்டாங்க, நிதானமா, வெதுவெதுன்னு இருக்கும். ருமேனியாவுல நெகுரா புங்கெட், 2006ல 'ஓம்', காடு, பனி, அங்க உள்ள நாட்டுப்புறக் கருவிக, சாரல் காலத்துல குத்தாலம் போற வழியில தென்காசி தாண்டி மலை மேகத்துக்குள்ள போறதப் பாத்துக்கிட்டே கேட்டேன், இன்னும் மனசுல நிக்கி. பிராக்லேருந்தே கல்ட் ஆஃப் ஃபயர்னு ஒரு பேண்டு, 2013ல தேவநாகரி எழுத்துல தலைப்பு வச்சு காளியையும் மரணத்தையும் பத்தி ஒரு ஆல்பம் போட்டாங்க. வெள்ளக்காரன் நம்ம சாமிய வெறும் அலங்காரமா எடுத்திருப்பானோன்னு சந்தேகத்தோடதான் கேட்டேன், மரியாதையோட பண்ணிருக்காங்க.

நம்ம ஆளுகளும் இருக்காங்க. சிங்கப்பூர்ல ருத்ரா, 1992லேருந்து, தமிழ் வேர் உள்ளவங்க, உபநிடதத்தையும் மந்திரத்தையும் டெத் மெட்டலோட சேத்து வேத மெட்டல்னு அவங்களே பேரு வச்சாங்க. 2005லேருந்து 2011 வரைக்கும் 'பிரம்மவித்யா'ன்னு மூணு ஆல்பம் தொடரா வந்துச்சு. பெங்களூர்ல கிரிப்டாஸ், 1998லேருந்து பழைய பிரிட்டிஷ் முறையில ரெட்டை கிட்டார் வாசிக்காங்க, 'த காயில்ஸ் ஆஃப் அப்போலியான்' கேளுங்க. 2007ல அயர்ன் மெய்டன் பெங்களூர் வந்தப்ப நான் காலேஜ் முதல் வருசம், டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசு தேறல. அடுத்த நாள் பேப்பர்ல வந்த போட்டோவ வெட்டி ஹாஸ்டல் பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருந்தேன்.

கொடை முடிஞ்ச மறுநாள் காலையில அண்ணாச்சி ஒரு மெமரி கார்ட நீட்டி இதுல ஏத்திக் குடு தம்பின்னாரு. சாபத், சடோரி, மாஸ்டர்ஸ் ஹேமர், வார்னிங், பெல் விட்ச் எல்லாம் ஏத்திக் குடுத்தேன். அந்த 83 நிமிசப் பாட்டப் பத்தியும், அதுக்குள்ள எறந்தவரு குரலு இருக்கிறதப் பத்தியும் சொன்னேன், தலைய ஆட்டிக்கிட்டே கேட்டாரு. அப்பத்தான் உச்சம் அடிக்கிற பழைய ஆள ஏன் காணோம்னு கேட்டேன். அவரு மச்சினன், முப்பது வருசமா பக்கத்துலேயே நின்னு அடிச்சவரு, ஐப்பசியில போயிட்டாராம்.

ஆடி மாசம் ஒரு ராத்திரி போன் வந்துச்சு. "தம்பி, அந்த நீளப் பாட்டக் கேட்டேன், முழுசா கேட்டேன். செத்துப்போனவன் கூட அடிச்சவன்னு சொன்னீயல்லா, அவன் பேரு என்ன?"

"அட்ரியன் குவெரா, அண்ணாச்சி."

மெதுவா இன்னொருக்கா சொல்லச் சொன்னாரு. சொன்னேன். அவரும் ஒருதடவ சொல்லிப் பாத்துட்டு போன வச்சாரு.